ஆறு கன்றும் ஒரு வலையும்

(லண்டனில் வாழும் தமிழ் மூத்தோரின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையிலிருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மாருக்கும், பேச்சு நீண்டால் நழுவிப்போக வசதியாக வாசலோடு இடம்பிடித்திருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது 'விவசாய நிபுணர்' என்றார். அதை முதலில் திருத்திவிடுகிறேன். நான் முப்பது வருடம் கணக்கெழுதிச் சம்பளம் வாங்கியவன். ஓய்வுக்குக் கிட்ட வந்தபோது கவுன்சிலிடம் ஒரு அலொட்மென்ட் துண்டை வாடகைக்கு எடுத்தேன். முதுகு பிடித்துக்கொள்ளும் வயதில் மண்வெட்டி பிடித்தவன். என்னென்ன செய்தால் பயிர் வரும் என்று நிபுணர் சொல்வார். என்னென்ன செய்யாமல் விட்டாலும் பயிர் வரும் என்பதுதான் எனக்குத் தெரியும். இன்றைய பேச்சு அந்த இரண்டாவது அறிவைப் பற்றியது.

பின்னால் மேசையில் இருபது தயிர்க் கோப்பைகளைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். தேநீரோடு தரும் பலகாரம் என்று நினைத்து யாரும் திறந்துவிட வேண்டாம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. உங்களில் எத்தனை பேர் வீட்டு யன்னலோரத்தில் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறீர்கள்? கையை உயர்த்துங்கள். பாதிக்கு மேல் இருக்கிறது. அதில் எத்தனை கன்று இரண்டு குளிர்காலம் தாண்டியது? சரி, கைகளை இறக்கலாம். நான் எண்ணவில்லை.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். மூன்று வருடம் தொடர்ந்து முருங்கை வளர்த்தேன். வளர்த்தேன் என்பதைவிட, மூன்று வருடம் தொடர்ந்து முருங்கைக்கு இழவு கொண்டாடினேன் என்று சொல்லலாம். ஒக்டோபர் பிறந்ததும் சாடியை உள்ளே தூக்குவது, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பது, பிறகு காற்று காய்ந்துவிட்டது என்று தள்ளி வைப்பது, பகலில் வெளிச்சம் போதாது என்று விளக்குப் போடுவது. பெப்ரவரியில் கடைசி இலையும் மஞ்சளாகி விழும். கைக்குழந்தைக்குக்கூட வீட்டில் அவ்வளவு பாடுபட்டதில்லை என்று மனைவி சொன்னா. அது உண்மை.

மூன்றாவது கன்று செத்த அன்று எங்கள் ஊர் வீட்டு முருங்கையை நினைத்துப் பார்த்தேன். அதை யாரும் வளர்க்கவே இல்லை. அப்பு வேலி அடைக்கும்போது கிளுவையோடும் பூவரசோடும் சேர்த்து ஊன்றிய ஒரு கதியால் அது. கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் வாய்க்காலால் ஓடிப் போகும்போது தனக்கு வேண்டியதைக் குடித்துக்கொண்டது. உரம் போட்டதாக நினைவில்லை. மருந்து அடித்ததாகவும் நினைவில்லை. அம்மா சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் இலை ஒடிக்கப் போவா.

அது ஏதோ நம் ஊரின் அதிர்ஷ்டம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அதிர்ஷ்டத்தைவிட அதில் தேர்வு அதிகம். அந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் எது தானாக வருமோ அதைத் தேர்ந்து, அடுப்படிக்குக் கிட்ட ஊன்றி வைத்திருந்தார்கள். நாம் விமானம் ஏறும்போது முருங்கையின் ருசியைக் கொண்டுவந்தோம். அந்தத் தேர்வு முறையை விட்டுவிட்டு வந்தோம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் குளிர்மண்ணின் முருங்கை எது?

என் பதில், கேல்.

தமிழில் சிலர் இதைப் பரட்டைக்கீரை என்று எழுதுகிறார்கள். சீப்பே படாத தலை மாதிரியான அந்தச் சுருட்டை இலைக்கு நல்ல பெயர்தான். ஆனால் கடையிலும் வீட்டிலும் நாம் கேல் என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன். அந்தச் சொல்லும் நமக்கு அந்நியமில்லை. லத்தீன் மொழியில் 'கௌலிஸ்' என்றால் தண்டு. அதிலிருந்து ஸ்கொட்லாந்தில் கேல் வந்தது. ஜேர்மனியில் கோல், ஒல்லாந்தில் கூல், போர்த்துக்கல்லில் கோவெ எல்லாம் அதன் வழியில் வந்தவைதான். அந்தக் கோவெதான் நாங்கள் சின்ன வயதிலிருந்து தின்ற கோவா. ஒல்லாந்தர் மொழியில் 'க்னோல்' என்றால் கிழங்கு. கிழங்குக் கூல்தான் நம் நோக்கோல். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் அவர்களை விரட்டிவிட்டு இருந்தார்கள், பிறகு அவர்களும் போனார்கள். இரண்டு பேரும் விட்டுப்போன இரண்டு சொற்கள் இன்றும் நம் அடுப்படியில் இருக்கின்றன.

சொல் மட்டுமல்ல, செடியும் ஒன்றே. கோவா, பூக்கோவா, புரொக்கோலி, நோக்கோல், கேல் எல்லாம் தாவரவியலில் ஒரே இனம். ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தளிர்மொட்டு பெருத்த செடியாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்தவர்களுக்குக் கோவா கிடைத்தது. பூங்கொத்துப் பெருத்ததை எடுத்தவர்களுக்குப் பூக்கோவா. தண்டு உருண்டதை எடுத்தவர்களுக்கு நோக்கோல். கேல் மட்டும் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லாமல், ஊரிலேயே தங்கிவிட்ட மூத்த பிள்ளை மாதிரி, பழைய காட்டுச்செடிக்குக் கிட்டவே நிற்கிறது. தாவரவியலாளர் இந்தப் பிரிவுக்கு வைத்த பெயரின் பொருள் 'தலையில்லாதது'.

தலையில்லாமல் இருப்பதுதான் இதன் சிறப்பு. நான் கணக்கெழுதியவன் ஆகையால் என் மொழியில் சொல்கிறேன். கோவா சீட்டுக்காசு மாதிரி. மாதக்கணக்கில் கட்டுவீர்கள், ஒருநாள் மொத்தமாக விழும். விழுந்த அன்றே எடுக்க வேண்டும். பிந்தினால் தலை வெடித்துவிடும். எடுத்த பிறகு அந்த இடம் வெறும் இடம். கேல் ஓய்வூதியம் மாதிரி. தொகை சிறிது, ஆனால் வாராவாரம் வரும். நீங்கள் இரண்டு வாரம் வங்கிப் பக்கம் போகாவிட்டாலும் பணம் அங்கேயே இருக்கும். தக்காளிக்கு ஒரு மாதம், கத்தரிக்காய்க்கு ஒரு மாதம் என்று காய்க்கிற பயிருக்கெல்லாம் ஒரு கெடு உண்டு. இலைப்பயிருக்கு அவ்வளவு இறுக்கமான கெடு இல்லை. அதிலும் பனியிலும் நிற்கிற இலைப்பயிர் கிடைத்தால், தோட்டம் மனிதனைத் துரத்தாது.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஸ்கொட்லாந்தின் ஏழைக் குடியானவர்கள் பல நூற்றாண்டுகளாக இப்படித்தான் வாழ்ந்தார்கள். அவர்களுடைய வளவில் வீட்டோடு ஒட்டிய ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதற்குக் கேல்யார்ட் என்று பெயர். உருளைக்கிழங்கு 18ஆம் நூற்றாண்டில் பரவும் முன்பு, ஓட்ஸும் கேலும்தான் அவர்களுடைய சோறும் கறியும். ஸ்கொட் மொழியில் கேல் என்ற சொல்லுக்கே சாப்பாடு என்ற பொருள் வந்துவிட்டது. நாம் 'சோறு தின்றாச்சா' என்று கேட்கும்போது சோற்றை மட்டுமா கேட்கிறோம்? அவர்கள் கேலுக்கு வா என்று கூப்பிட்டால் சாப்பிட வா என்று அர்த்தம்.

அந்தக் குடியானவனுக்குத் தோட்டம் செய்ய நேரம் ஏது? பகல் முழுதும் பண்ணைக்காரரின் வயலில் நின்றவன் அவன். ஆகவே பார்க்காவிட்டாலும் சாகாத செடியே அவன் வளவுக்குப் பொருந்தியது. வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் மரம்கூட நிமிர முடியாத காற்று. அங்கே கல்லடுக்கி, ஆட்டுக்கும் காற்றுக்கும் மறைப்பாக, சின்னச் சின்ன வட்ட மதில் கட்டுவார்கள். பெயர் பிளாண்டிகிரப். கோடை முடிவில் அதற்குள் கேல் விதையைத் தூவிவிட்டால், நாற்றுகள் குளிர்காலத்தை உள்ளே கழித்துவிடும். வசந்தத்தில் பிடுங்கி வளவில் நடுவார்கள். வேலை முழுவதும் மதில் கட்டியதோடு முடிந்தது. ஒரு தலைமுறை அடுக்கிய கல் அடுத்த தலைமுறைக்கும் நின்றது. இன்றைக்கும் அந்தக் கல்வட்டங்களை அங்கே பார்க்கலாம்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். ரொபேர்ட் பேர்ன்ஸ் என்ற ஸ்கொட்லாந்துக் கவிஞர் 1785இல் 'ஹாலோவீன்' என்று ஒரு கவிதை எழுதி, அந்த இரவின் வழக்கங்களைக் குறிப்பாகவும் சேர்த்தார். அதில் ஒன்று: கல்யாண வயதுப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கேல் தோட்டத்துக்குள் போய், கையில் முதலில் அகப்படும் செடியைப் பிடுங்குவார்கள். தண்டு நேராக இருந்தால் வரப்போகிறவர் வடிவானவர். கோணலாக இருந்தால் அதற்கேற்றபடி. வேரில் மண் ஒட்டியிருந்தால் சீதனம் உண்டு. தண்டின் உட்பகுதியைக் கடித்துப் பார்த்தால் வரப்போகிறவரின் குணம் தெரியும். சாதகப் பொருத்தம் பார்க்கிற நாம் சிரிக்க உரிமையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் கையில் ஒரு செடி அகப்படும் என்று அவர்களுக்கு நிச்சயம் இருந்திருக்கிறது. ஒக்டோபர் கடைசியிலும் தோட்டம் நிறைந்து நின்ற பயிர் அது.

என் பக்கத்துத் துண்டுக்காரி கென்யாவில் பிறந்த அம்மா. முதல் நாள் என் கேலைப் பார்த்துவிட்டு, "சுக்குமா விக்கி போட்டிருக்கிறாய்!" என்றா. சுவாகிலியில் அதற்கு 'வாரத்தைத் தள்ளு' என்று பொருளாம். சம்பளம் வரும்வரைக்கும் வாரத்தைத் தள்ளிவிடுகிற கீரை. காலத்தைத் தள்ளுகிறோம் என்று நாமும்தானே சொல்கிறோம். அந்த ஒரு பெயரைக் கேட்டதும் அந்த அம்மா எனக்கு ஊர்க்காரி ஆகிவிட்டா. இரண்டாம் உலகப் போரில் 'வெற்றிக்காகத் தோண்டு' என்று இந்த நாட்டு அரசாங்கம் மக்களைத் தோட்டம் செய்யச் சொன்னபோது கேலையும் வளர்க்கச் சொன்னது. காலத்தைத் தள்ள வேண்டிய இடத்திலெல்லாம் இந்தச் செடி நின்றிருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். எழுத விரும்புகிறவர்கள் எழுதுங்கள். ஆண்டுக்கு ஐந்து வேலை. ஆறாவது இல்லை.

முதல் வேலை, விதை. ஏப்ரல் கடைசியிலோ மேயிலோ ஒரு சின்னத் தட்டில் கூட்டெரு நிரப்பி, 1 சென்டிமீற்றர் ஆழத்தில் போடுங்கள். கடுகுக் குடும்பம் என்றபடியால் விதையும் கடுகு மாதிரித்தான், ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஆறு கன்று போதும். எத்தனை? ஆறு. நான் முதல் வருடம் இருபத்துநாலு நட்டேன். யாரைக் கண்டாலும் பையில் கேலைத் திணித்தேன். கடைசியில் கோவிலில் என்னைக் கண்டால் ஆட்கள் மற்ற வாசலால் போகத் தொடங்கினார்கள். தோட்டத்தில் பாதி வேலை அளவுக்கு மேல் நட்டதால் வருகிற வேலை.

இரண்டாவது, நடுகை. நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும், பெரும்பாலும் யூனில், நிலத்தில் நடலாம். கன்றுக்குக் கன்று 45 சென்டிமீற்றர், அதாவது ஒன்றரை அடி. ஆறு கன்றுக்கும் சேர்த்து, ஒரு கதவைக் கழற்றி நிலத்தில் கிடத்தினால் பிடிக்கிற இடம் போதும். கீழ் இலை மண்ணைத் தொடும் அளவுக்குத் தண்டை ஆழமாகப் புதைத்து, குதிக்காலால் நன்றாக மிதியுங்கள். மற்றச் செடிக்குப் பொலபொலப்பான மண் வேண்டும். இதற்கு இறுகிய மண் வேண்டும். குளிர்காலக் காற்றில் ஆடாத செடிதான் வளரும். நட்ட அன்றும், மழை இல்லாவிட்டால் அடுத்த இரண்டு வாரமும் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு பெரும்பாலும் இந்த நாட்டு மேகம் பார்த்துக்கொள்ளும். வளவு இல்லாமல் பால்கனி மட்டும் உள்ளவர்கள் ஒரு பெரிய சாடிக்கு ஒரு கன்று வைக்கலாம். குட்டை வகைகள் விதைக்கடையில் உண்டு. ஆனால் சாடிக்குத் தண்ணீர் மறக்கக்கூடாது.

மூன்றாவது, வலை. நட்ட அன்றே போடுங்கள், நாளைக்கு என்று வையாதீர்கள். ஏன் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அந்த முதல் வருடம் ஓகஸ்டில் ஒரு கல்யாணத்துக்கு ரொறன்ரோ போனேன். இரண்டு கிழமை. போகும்போது இருபத்துநாலு செடியும் இடுப்பளவு, பச்சைப் பசேலென்று. திரும்பி வந்து பார்த்தால் இருபத்துநாலு குடைக்கம்பிகள். இலையின் நரம்பு மட்டும் நிற்கிறது, சதை இல்லை. ஒவ்வொரு நரம்பிலும் மஞ்சளும் கறுப்புமாகப் புழு. வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் வேலை. அதில் பெரிய வெள்ளை என்ற வகை, இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் முட்டைகளைக் கூட்டமாக இடும். சின்ன வெள்ளை ஒவ்வொன்றாக இடும். அதன் புழு இலையின் பச்சை நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்கு அகப்படாது, கறியில்தான் அகப்படும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கடுகுக் குடும்பத்துச் செடிகளுக்கெல்லாம் ஒரு காரமான சத்து இருக்கிறது. இலையைக் கடித்ததும் அது மூக்கில் ஏறும். பூச்சி தின்னாதிருக்கச் செடி வைத்திருக்கிற ஆயுதம் அது. ஆனால் இந்த வண்ணத்துப்பூச்சி தன் காலாலேயே இலையைத் தட்டி ருசி பார்த்து, அந்தக் காரம் இருந்தால்தான் முட்டை இடும். கள்ளனுக்குப் பயந்து போட்ட பூட்டைப் பார்த்தே, உள்ளே நகை இருக்கிறது என்று கள்ளன் அறிந்துகொள்கிற மாதிரி.

மருந்து அடிக்கலாம். அடித்தால் மழைக்குப் பிறகு திரும்ப அடிக்க வேண்டும், எப்போது அடித்தோம் என்று எழுதி வைக்க வேண்டும், பிடுங்குமுன் நாள் எண்ண வேண்டும். வலைக்கு அந்தத் தலையிடி இல்லை. கண் 7 மில்லிமீற்றருக்கு மேற்படாத வலை வாங்கி, பழைய தண்ணீர்க் குழாயை வளைத்து ஊன்றி, அதன்மேல் போர்த்து, ஓரத்தில் கல் வையுங்கள். இலை வலையில் முட்டக்கூடாது. முட்டினால் வெளியே நின்றபடியே முட்டை இட்டுவிடும். குளிர்காலம் வந்ததும் வண்ணத்துப்பூச்சி போய்விடும், வலையை எடுக்காதீர்கள். அப்போது காட்டுப்புறா வரும். வேறு பச்சை இல்லாத சனவரியில் இந்த நாட்டுப் புறாவுக்கு நம் கேல்தான் அன்னதானம்.

நான்காவது வேலை, இலை பிடுங்குவது. இது வேலையா என்று கேட்பீர்கள். இதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். எப்போதும் கீழிருந்து மேலே பிடுங்குங்கள். ஒரு செடியில் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று இலை. நடுக்குருத்தைத் தொடாதீர்கள், அது முதல். நாம் வட்டியை மட்டும் எடுக்கிறோம். செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் வட்டி வரும். பழுத்த இலையையும் அப்போதே ஒடித்துப் போட்டுவிட்டால் அதுவே களையெடுப்பு, அதுவே பராமரிப்பு. என் கணக்கில் கிழமைக்குப் பத்து நிமிடம்.

உறைபனி விழுகிற காலையில் செடியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வெந்நீர் ஊற்றியது மாதிரித் துவண்டு கிடக்கும். தொடாமல் விடுங்கள். மத்தியானம் எழுந்து நிற்கும். குளிர் பட்டதும் செடி தன் மாப்பொருளைச் சீனியாக மாற்றி வைத்துக்கொள்கிறது. சீனி கரைந்த நீர் எளிதில் உறையாது. தன் உயிருக்காக அது செய்கிற காரியம் நம் நாக்குக்கு இனிப்பாகிறது. செப்டெம்பர்க் கேலில் ஒரு கசப்பு இருக்கும். டிசம்பரில் அதே செடியின் இலையைத் தின்று பாருங்கள். வடக்கு ஜேர்மனியில் ஒல்டன்பேர்க், பிரேமன் பக்கத்து ஆட்கள் உறைபனிக்குப் பிறகுதான் கேலுக்கு ருசி என்பார்கள். குளிர்காலத்தில் கூட்டமாக நடந்து போய் ஒரு உணவகத்தில் கேல் விருந்து சாப்பிட்டு, தங்களுக்குள் ஒருவரைக் கேல் ராசாவாக முடிசூட்டும் வழக்கமும் அங்கே உண்டு.

ஐந்தாவது, முடிவு. கேல் இரண்டு வருடச் செடி. அடுத்த வசந்தத்தில் தண்டு நீண்டு மஞ்சள் பூப் பூக்கும். அந்த மொட்டுத் தண்டுகளை ஒடித்து வதக்கித் தின்னலாம். ஏப்ரல், மே மாதங்களை இந்த நாட்டுத் தோட்டக்காரர் 'பசி இடைவெளி' என்பார்கள்: பழையது முடிந்திருக்கும், புதியது வந்திராது. அந்த நேரத்தில் கிடைக்கிற தண்டு அது. இரண்டு செடியைத் தேனீக்காக விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கி எருக்குவியலில் போடுங்கள். அடுத்த முறை வேறு பாத்தியில் நடுங்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை விளையாட்டாக எடுக்க வேண்டாம். கடுகுக் குடும்பத்துக்கு ஒரு வேர்நோய் உண்டு. வேர் வீங்கி இஞ்சி மாதிரி ஆகும், செடி நட்ட இடத்திலேயே சோர்ந்து நிற்கும். ஒருமுறை மண்ணில் இறங்கினால் இருபது வருடம் வரைக்கும் அதன் வித்து உயிரோடு கிடக்கும். அடுத்தவர் தோட்டத்து நாற்றிலும் சப்பாத்து மண்ணிலும் அது பயணம் செய்யும். ஆகையால் கேல் நாற்றை ஓசியில் வாங்காதீர்கள். விதை வாங்கி நீங்களே போடுங்கள். புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுங்கள். சோம்பேறித் தோட்டத்தில் சோம்பல் படக்கூடாத இடம் இது.

'மண்ணைக் கொத்த வேண்டாமா?' என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் முகத்தால் கேட்கிறார். அகல உழுவதிலும் ஆழ உழு என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. சமர்செட்டில் சாள்ஸ் டௌடிங் என்பவர் 1980களிலிருந்து கொத்தாமலே மரக்கறி பயிரிட்டு வருகிறார். புல்லின்மேல் அட்டைப்பெட்டிகளை விரித்து, அதன்மேல் கூட்டெருவைத் தடிப்பாகக் கொட்டி, அதில் நடுவது. வெளிச்சம் இல்லாமல் கீழே புல் சாகும், அட்டை உக்கும், மண்புழு எருவை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கொத்தக் கொத்த, கீழே உறங்குகிற களைவிதை மேலே வந்து முளைக்கும். கொத்தாமல் விட்டால் உறங்கும். நம் ஊரில் பூவரசங்குழையை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தியவர்களுக்கு, மண்ணுக்குச் சாப்பாடு கொடு, செடியை மண் பார்த்துக்கொள்ளும் என்ற இந்தக் கணக்குப் புதிதல்ல.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மசனோபு ஃபுகோகாவை உங்களில் சிலர் அறிவீர்கள். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்று தமிழிலும் வந்த புத்தகத்தை எழுதிய யப்பானியர். உழாதே, உரமிடாதே, களையெடுக்காதே, மருந்தடிக்காதே என்றவர். அவர் இளைஞராக ஊர் திரும்பியபோது, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று தகப்பனாரின் தோடைத் தோட்டத்தைக் கவ்வாத்துச் செய்யாமல் விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று பின்னின, பூச்சி விழுந்தது, மரங்கள் பட்டுப்போயின. ஏற்கெனவே மனிதன் வெட்டிப் பழக்கிய மரத்தைத் திடீரென்று கைவிடுவது கைவிடுதல்தான், அதற்கு இயற்கை விவசாயம் என்று பெயரில்லை என்பதை அவரே பிறகு ஒப்புக்கொண்டு எழுதினார். என் ரொறன்ரோப் பயணமும் அந்த வகைதான். குறைந்த வேலை என்றால் வேலையை முன்னாலேயே செய்து முடித்துவிடுவது. ஷெட்லாந்துக்காரர் மதில் கட்டினார், நாம் வலை போடுகிறோம்.

இனி அடுப்படி. இலையின் நடு நரம்பை உருவி எறியுங்கள். இலைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, புகையிலைச் சுருட்டு மாதிரிச் சுருட்டி, எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக அரியுங்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்கியதும் இலையைப் போட்டு, மஞ்சள் உப்பு சேர்த்து, முருங்கையிலையைவிட நாலைந்து நிமிடம் கூட விடுங்கள். தேங்காய்ப்பூவைத் தூவிக் கிளறி இறக்கி, தேசிக்காய்ப் புளி விடுங்கள். அதுதான் கேல் வறை. ஒடியற்கூழுக்கு முருங்கையிலை கிடைக்காத நாளில் என் மனைவி இதைத்தான் போடுவா. விருந்தாளிகளில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.

ஒரு சொல் மருத்துவம். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள் இங்கே இருக்கக்கூடும். கேலில் வைட்டமின் கே மிக அதிகம், அது அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். இன்றைக்குப் பேச்சைக் கேட்டுவிட்டு நாளையிலிருந்து கோப்பை கோப்பையாகத் தின்னத் தொடங்காதீர்கள். முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்; பிறகு அளவை ஒரே சீராக வைத்திருங்கள்.

இப்போது அந்தத் துணியை எடுக்கலாம்.

கோப்பைக்குள் இருப்பது விதையில் வந்த நாற்றல்ல. டோபாந்தோன் கேல் என்று ஒரு வகை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் ஒருவரின் பெயர் அதற்கு. இது மற்றக் கேல் மாதிரி இரண்டு வருடத்தில் முடியாது. பூப்பது அபூர்வம், ஆகவே சத்தெல்லாம் இலைக்கே போகும். புதர் மாதிரிப் படர்ந்து ஐந்தாறு வருடம் நிற்கும். விதை இல்லை என்றால் எப்படிப் பரப்புவது? பக்கக் கிளை ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மண்ணில் ஊன்ற வேண்டியதுதான். சில கிழமையில் வேர்விடும். இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: கதியால். நோய் பற்றிச் சற்றுமுன் எச்சரித்தவன் நானே என்பதால் சொல்லிவிடுகிறேன்: இவற்றை என் பாத்தி மண்ணில் வைக்கவில்லை, கடையில் வாங்கிய புது மண்ணில் ஊன்றி வேர்விட வைத்திருக்கிறேன்.

எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வளவில் வேலி இல்லை, சீமெந்து மதில் எழும்பியிருக்கிறது. கதியால் ஒன்றும் மிஞ்சவில்லை. முருங்கை நின்ற இடம் எது என்றுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வாய்க்கால் போன திசையை வைத்து ஊகித்தேன். நான் மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, பக்கத்து வீட்டு ஆச்சி கூப்பிட்டுத் தன் வளவுக்குள் காட்டினா. கிணற்றடியில் ஒரு பெரிய முருங்கை. "உன்ரை கொம்மா தந்த கதியால் மோனை. அந்த மரத்தின்ரை கொப்புத்தான்" என்றா.

அம்மா வைத்திருந்தது போய்விட்டது. அம்மா கொடுத்தது நிற்கிறது.

ஆகையால் நிபந்தனை இதுதான். அடுத்த வருடம் இதே மாதம், இதில் ஒரு கிளையை ஒடித்து இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். கோப்பைகள் இருபதுதான் இருக்கின்றன. கடைசிவரை நழுவாமல் இருந்ததற்காக, வாசலோடு இருப்பவர்களுக்கு முதல் உரிமை.